அணைக்க மறந்த சர்வர்

புதன், ஜூன் 18, 2025. நேற்று மாலை வகுப்புக்குக் கிளம்பும் அவசரத்தில் ஒரு சின்னத் தவறு செய்துவிட்டேன். முதல் சர்வரை இயக்குவதற்கு முன் இரண்டாவதை அணைக்க மறந்துவிட்டேன். ராத்திரி முழுக்க இரண்டும் ஒன்றாக ஓடியிருக்கின்றன. காலையில் பார்த்து இரண்டாவதை அணைத்தேன். எதுவும் கெட்டுப்போனதாகத் தெரியவில்லை. இனி இப்படி நடக்கக் கூடாது.

வேலைக் குறிப்பு நோட்டில் எழுதிவிட்டு சோபியா அதை இரண்டு முறை படித்தாள். ‘சின்னத் தவறு’ என்பதில் ‘சின்ன’ இருக்கலாமா என்று ஒரு யோசனை வந்தது. தன் தவறின் அளவைத் தானே சொல்வது, நண்டு விற்க வந்தவரே தராசையும் பிடிப்பது மாதிரி. இருந்தாலும் அடிக்காமல் விட்டுவிட்டாள்.

பழவேற்காட்டில் காஜா மைதீன் பாயின் நண்டு கம்பெனியில் அவளுக்கு வேலை. ஏரியில் பிடித்த நண்டை உயிரோடு கட்டி, கூடையில் அடுக்கி, சென்னைக்கு அனுப்புகிற கம்பெனி. மாலையில் பொன்னேரிக்கு பஸ் பிடித்து நெட்வொர்க் வகுப்புக்குப் போவாள். அங்கே பாதி புரிந்ததை மறுநாள் காலை இங்கே முழுதாகச் செய்து பார்ப்பாள். சம்பளமும் கொடுத்து, கெடுத்துப் பழக ஒரு ஆபீசையும் கொடுத்த புண்ணியவான் பாய்.

கம்பெனியில் ஏழு கம்ப்யூட்டர்கள். யார் வந்து உட்கார்ந்தாலும் பெயரையும் பாஸ்வேர்டையும் பார்த்து, ‘நம்ம ஆள்தான், உள்ளே விடு’ என்று சொல்ல ஒரு சர்வர் வேண்டும். டொமைன் கன்ட்ரோலர் என்று அதற்குப் பெயர். வகுப்பு எடுக்கும் பிராங்க்ளின் சார், “ஒண்ணே ஒண்ணு வெக்காதீங்க. அது படுத்துட்டா ஆபீசே வாசல்ல நிக்கும். ரெண்டு வெய்ங்க” என்று சொல்லியிருந்தார். பாய் வாங்கிக் கொடுத்ததோ ஒரே ஒரு பெட்டி. சோபியா அதற்குள்ளேயே இரண்டு விர்ச்சுவல் மெஷின்களை உருவாக்கினாள். வெளியே பார்த்தால் பெட்டி ஒன்று. உள்ளே தனித்தனியாக ஓடும் கம்ப்யூட்டர்கள் இரண்டு. அன்று அவள் நடையே மாறியிருந்தது.

ஆனால் இரண்டையும் ஒன்றாக ஓட்டினால் பெட்டி திணறியது. என்ன செய்யலாம் என்று சோபியா யாரையும் கேட்கவில்லை. அவள் பிறந்த குப்பத்தில் இதற்கு வழி உண்டு. பாடு என்பார்கள். ஏரியில் மீன் படும் இடத்தில் இன்று ஒரு கூட்டம் வலை போட்டால் நாளை அடுத்த கூட்டம். பாடு இல்லாதவர்கள் அன்று கரையில்தான். ஒரே நாளில் ஒரே இடத்தில் இரண்டு கூட்டம் இறங்கினால் மண்டை உடையும். அவள் நைனா பால்ராஜ் அந்த வரிசையை ஒருநாளும் மீறியதில்லை. மகள் அந்த நல்ல பழக்கத்தை சர்வர்களுக்கும் கொண்டுவந்தாள். ஒருநாள் முதலாவது, மறுநாள் இரண்டாவது. தினமும் மாலையில் ஒன்றை அணைத்து, மற்றதை இயக்கிவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவாள். இரண்டும் அடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிறோம் என்ற பெருமை வேறு.

கோமளா அங்கே பில் போடுகிறவள். ஐஸ் தண்ணீரில் நின்று நண்டு கட்டிக் கட்டி முட்டி தேய்ந்தபின், டைப்பிங் கற்றுக்கொண்டு அந்த நாற்காலிக்கு வந்தவள். எல்லோரும் பாஸ்வேர்டை மாற்றியே தீர வேண்டும் என்று சோபியா உத்தரவு போட்டபோது, மற்றவர்கள் “ஆவட்டும்மா, பாக்கலாம்” என்று நழுவினார்கள். கோமளா மட்டும் மாற்றினாள். மறுநாளே பிடித்தது சனி.

“சோபி, இன்னிக்கும் உள்ள வுடமாட்டேன்னுது.”

“நேத்து வெச்சதைத்தான போடறீங்க?”

“நேத்து வெச்சதைத்தான்டி போடறேன். என் பேரை மறந்தாலும் அதை மறக்க மாட்டேன்.”

சோபியா பொறுமையாகப் புதிய பாஸ்வேர்டு வைத்துக் கொடுப்பாள். மறுநாள் அதுவும் செல்லாது. பில்லுக்காக வண்டி நிற்கும். கூடையில் நண்டு நுரை தள்ளும். போன வாரம் ஒரு கூடை நண்டு செத்தே போனது. அன்று பாய் எல்லோர் முன்னாலும், “இன்னாம்மா கோமளா, தெனமும் இதே பேஜாரா? வர்ற திங்கக்கெழம தாண்டி அடுத்த திங்கள்லேர்ந்து நீ ஷெட்டுக்குப் போய் நண்டு கட்டு. அஃப்னான் பில் போடட்டும்” என்றார். அஃப்னான் அவருடைய தங்கை மகன். பிறகு சோபியா பக்கம் திரும்பி, “நீ இன்னா சொல்ற?” என்று கேட்டார்.

“அக்காவுக்குக் கொஞ்சம் மறதி, பாய்” என்றாள் சோபியா. நம்பித்தான் சொன்னாள். வல்லாரைக் கீரை சாப்பிட்டால் நல்லது என்று இலவச ஆலோசனையும் கொடுத்தாள்.

புதன்கிழமை கோமளாவின் குரல் வரவில்லை. சோபியா கவனிக்கவில்லை. வியாழக்கிழமையும் வரவில்லை. எதுவும் சரியாக நடந்தால் சோபியாவுக்கு சந்தேகம் வந்துவிடும். எழுந்து போனாள்.

“அக்கா, உள்ள வுட்டுச்சா?”

“வுட்டுச்சே. நேத்தும் வுட்டுச்சு. செவ்வாக்கெழம வெச்ச அதே பாஸ்வேர்டுதான்.” கோமளா பில்லைக் கிழித்து டிரைவரிடம் நீட்டினாள். “வல்லாரை வேலை செய்யுது போல. இன்னாடி, மூஞ்சி இப்டி ஆயிடுச்சு? உள்ள வுட்டா உனக்கு வருத்தமா?”

சோபியா தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். மற்ற நாட்களில் நடக்காத எது செவ்வாயன்று நடந்தது? அவளுக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான். அதைத்தான் இனி நடக்கக் கூடாது என்று எழுதி வைத்திருந்தாள்.

அன்று மாலை வகுப்பில் மெதுவாகக் கையைத் தூக்கினாள்.

“சார், ரெண்டு டொமைன் கன்ட்ரோலரும் எப்போ பேசிக்கும்?”

“எப்பவும் பேசிக்கிட்டுதான் இருக்கும். ஒண்ணுல பாஸ்வேர்டு மாத்துனா அடுத்ததுக்குச் சொல்லிடும்.”

“அந்த நேரத்துல அடுத்தது அணைஞ்சிருந்தா?”

“அணைஞ்சது மறுபடி வர்றப்போ கேட்டுக்கும்.”

“வர்றப்போ முதல் ஒண்ணை அணைச்சிட்டா?”

பிராங்க்ளின் சார் மார்க்கரை மூடினார். “அப்புறம் யாருகிட்ட கேக்கும்? செவுத்துகிட்டயா? எந்தக் கூமுட்டைமா இப்டி ஓட்டுது?”

வகுப்பு சிரித்தது. மாட்டிக்கொள்ளாமலிருக்க சோபியாவும் சிரித்தாள். “தெரிஞ்சவங்க, சார். ரெண்டும் ஒரே பெட்டியில வேற.”

“பிரமாதம். பெட்டி போச்சுன்னா ரெண்டும் போச்சு. அவரை இங்க வந்து சேரச் சொல்லு, ஃபீஸ்ல தள்ளுபடி தர்றேன்.”

அவங்க ஏற்கெனவே முழு ஃபீஸ் கட்டிட்டாங்க, சார் என்பது வாய்வரை வந்தது.

திரும்பும் பஸ்ஸில் யோசித்தாள். குப்பத்தில் பாடு முடிந்து வருகிறவர்கள், எங்கே கட்டை கிடக்கிறது, எங்கே வலை கிழிந்தது என்று கரையில் இருப்பவர்களிடம் சொல்லித் தீர்த்துவிடுவார்கள். அவள் எடுத்துக்கொண்டது வரிசையை மட்டும். பேச்சை மறந்துவிட்டாள். முதலாவதிடம் கோமளா மாற்றியது இரண்டாவதுக்குத் தெரியாது. இரண்டாவதிடம் மாற்றியது முதலாவதுக்குத் தெரியாது. செவ்வாய் ராத்திரி மட்டும் இரண்டும் ஒன்றாக ஓடி, பேசிக்கொண்டன. மாற்றாதவர்களுக்கு ஒரு தொல்லையும் இல்லை. சொன்ன பேச்சைக் கேட்ட ஒரே ஆளுக்குத்தான் தண்டனை.

இனி யாரிடமும் சொல்லாமல் இரண்டையும் ஓட விட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனால் அந்தத் திங்கட்கிழமை வரும். கோமளா ஷெட்டில் நிற்பாள். அஃப்னான் தடங்கலில்லாமல் பில் போடுவான். மறதிதான் காரணம் என்பது நிரூபணமாகிவிடும்.

வெள்ளி காலை பாய் முன்னால் போய் நின்றாள். “பாய், கோமளா அக்காவுக்கு மறதி இல்ல. தப்பு என்னுது.” டொமைன் கன்ட்ரோலரில் ஆரம்பித்தவளை அவர் கை காட்டி நிறுத்தினார்.

“எனக்குப் புரியற மாரி சொல்லு.”

“ரெண்டு வாட்ச்மேன் வெச்சேன், பாய். நாளுக்கு ஒருத்தன். ஒருத்தனை ஒருத்தன் பாத்துக்கவே வுடல. இவன்கிட்ட அக்கா சாவியை மாத்துனது அவனுக்குத் தெரியாது.”

“ஏன் பாத்துக்க வுடல?”

“சண்டை போட்டுக்குவாங்களோன்னு...”

பாய் அவளையே பார்த்தார். “ரெண்டு பேரும் அந்தப் பொட்டிக்குள்ளதான இருக்கானுங்க?”

“ஆமா, பாய்.”

“கையி காலு இல்லாதவனுங்க எப்பிடிம்மா சண்டை போடுவானுங்க?”

பின்னால் பிரிண்டர் சத்தம் நின்றது. கோமளா எழுந்து வந்தாள். “அப்போ நான் வல்லாரை தின்னது? பச்சையா தின்னேன்டி. எனக்குப் புத்தி போவுது, பெரியாஸ்பத்திரிக்கு இட்னு போன்னு வூட்டுக்காரர்கிட்ட அழுதேன்.”

சோபியா அவள் பக்கம் திரும்பினாள். “மன்னிச்சிடுங்க, அக்கா.”

“அது கெடக்கட்டும். மறதின்னு எல்லார் முன்னாடியும்தான சொன்ன? இதையும் எல்லார் முன்னாடியும் சொல்லு.”

ஷெட்டுக்குப் போய், ஐஸ் தண்ணீரில் நின்று சொன்னாள். சர்வர் யாருக்கும் புரியவில்லை. கோமளா மேல் தப்பில்லை, சோபியா மேல்தான் தப்பு என்பது எல்லோருக்கும் உடனே புரிந்தது. நண்டு கட்டிக்கொண்டிருந்த ஜெசிந்தா தலை நிமிராமல், “அப்போ திங்கக்கெழம கட்ட வர்றது யாரு, சோபியாவா?” என்றாள்.

“வேணாம்மா” என்றார் பாய். “அது ஒரு கொடுக்கை இன்னிக்குக் கட்டும், இன்னொண்ணை நாளைக்குக் கட்டும். கோமளா, நீ போய் பில்லைப் போடு. உன் எடம் உன்னுதுதான்.”

கோமளா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சோபியாவைப் பார்க்கவில்லை. மாலையில் கிளம்பும்போது மட்டும் ஒரு கட்டு வல்லாரையை அவள் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

வெள்ளி, ஜூன் 20. புதன்கிழமை எழுதியதில் திருத்தம்: அணைக்க மறந்தது தவறு அல்ல. அதற்கு முன் தினமும் அணைத்ததுதான் தவறு. நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் மறந்தது. ‘சின்ன’ என்பதையும் அடித்துவிட்டேன். நாளை: பாய் அறையில் சும்மா இருக்கும் பழைய கம்ப்யூட்டரில் இரண்டாவது சர்வரைப் புதிதாக நிறுவ வேண்டும். இரண்டையும் அணைக்காமல் விட்டுவிட்டு வர வேண்டும்.