ஆயிரத்து ஐம்பதில் ஐந்து சதவீதம்

பதினோரு மணிக்கு பெங்களூர் அல்சூரில், குடியிருப்போர் சங்கத்தில், ‘சாமானியருக்கும் ஜிஎஸ்டி’ என்ற தலைப்பில் தேசிகன் உரையாற்ற வேண்டும். பத்தரைக்கு அவர் பிரேசர் டவுன் துணிக்கடை ஒன்றின் பில் கவுண்டரில் நின்று குதித்துக்கொண்டிருந்தார். ஆட்டோ பள்ளத்தில் இறங்கி ஏறியதில் பிளாஸ்க் காபி சட்டை மேல் கொட்டிவிட்டது. புதுச் சட்டை எடுத்து ட்ரையல் ரூமிலேயே மாட்டிக்கொண்டும் ஆயிற்று. பணம் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான் பாக்கி. ஆனால் வரி விஷயத்தில் தேசிகன் பேசாமல் கிளம்பியதாகச் சரித்திரம் கிடையாது.

மாநில அரசின் வரித் துறையில் முப்பத்தோரு வருஷம் குப்பை கொட்டியவர் அவர். அதில் இருபத்தாறு வருஷம் ஸ்டோர்ஸ் செக்ஷனில் குண்டூசியும் கார்பன் பேப்பரும் வாங்கிப் போட்டார். இதை அவர் குடியிருக்கும் காக்ஸ் டவுனில் யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. ஓய்வுக்குப் பின் அவர் சேர்த்த ஒரே சொத்து ‘டாக்ஸ் தேசிகன்’ என்ற பெயர். கேட்டவர்களுக்கு ஆலோசனை இலவசம். கேட்காதவர்களுக்கும்தான்.

“ஏம்மா, சட்டை ஆயிரத்து அம்பது. அஞ்சு பர்சென்ட்னா அம்பத்திரெண்டரை ரூபா. பில்லுல வெறும் அம்பதுன்னு இருக்கு. கவர்மென்டுக்கு ரெண்டரை ரூபா நாமம்! நான் யாருன்னு தெரியுமோ?”

கவுண்டரில் இருந்த குளோரியா நிமிராமலே, “கஸ்டமர் சார்,” என்றாள்.

“பேக சார், பேக!” என்று வரிசையில் பின்னாலிருந்து ஒருவர் சீக்கிரம் ஆகட்டுமென்று கன்னடத்தில் விரட்டினார். “நோ பார்க்கிங்ல வண்டி நிக்குது.”

“ஏன்னா, மணி பத்தே முக்கால்,” என்றாள் மனைவி ராஜலக்ஷ்மி. “அங்க எல்லாரும் வந்து உக்காந்திருப்பா. அந்த ரெண்டரைய நான் தரேன், வாங்கோ.”

“பணமா பெரிசு? பிரின்சிபிள்!”

குளோரியா கால்குலேட்டரை அவர் பக்கம் திருப்பினாள். “எல்லா வரியும் சேர்த்துன்னு டேக்லயே போட்டிருக்கு சார். ஆயிரத்து அம்பதுக்குள்ளயே வரி இருக்கு. சட்டை ஆயிரம், அதுக்கு அஞ்சு பர்சென்ட் அம்பது. சென்ட்ரலுக்குப் பாதி, ஸ்டேட்டுக்குப் பாதி. நீங்க வரிக்கும் சேர்த்து வரி போடறீங்க. மொத்தத்த நூத்தஞ்சால வகுத்து அஞ்சால பெருக்கிப் பாருங்க.”

தேசிகன் வகுத்தார், பெருக்கினார். ஐம்பது. முதலில் பெருக்கிவிட்டுப் பிறகு வகுத்தார். அதற்கும் ஐம்பது. கால்குலேட்டரை ஒருமுறை உலுக்கிப் பார்த்தார்.

பிறகுதான் கையேடு நினைவுக்கு வந்தது. சங்கத்துக்கென்று சொந்தச் செலவில் இருநூறு கையேடு அச்சடித்து நேற்றே அனுப்பியிருந்தார். முதல் பக்கத்தில், விரலை உயர்த்திய அவர் படத்துக்குக் கீழே, கொட்டை எழுத்தில்: ‘டேக்கில் எல்லா வரியும் சேர்த்து ரூ.2,100 போட்ட புடவைக்கு வரி ரூ.105. குறைத்துப் போட்டால் தட்டிக் கேளுங்கள்!’

ஆட்டோவில் அவரால் உட்கார முடியவில்லை. சீட் நுனியில் தொற்றிக்கொண்டு சங்கச் செயலாளர் ஹரிஷ்குமாருக்குப் போன் போட்டார்.

“ஹரிஷ், கையேட்டக் குடுத்துடாதீங்கோ!”

“ஒவ்வொரு சேர்லயும் வெச்சாச்சு சார். எல்லாரும் படிச்சிட்டிருக்காங்க. ஒருத்தர் புடவைக் கடைக்குப் போன் போட்டுத் திட்டவே ஆரம்பிச்சுட்டார். உங்க எழுத்துக்கு என்ன பவர் சார்!”

சிக்னல் சிவப்பிலேயே நின்றது. தேசிகன் அதையும் திட்டினார்.

“தப்பு நடந்துடுத்துன்னு சொல்லிட்டு உக்காந்துடுங்கோ,” என்றாள் ராஜலக்ஷ்மி.

“முப்பத்தோரு வருஷம் டிபார்ட்மென்ட்ல இருந்தவன் தப்புன்னு சொல்றதா?”

“குண்டூசி வாங்கினேன்னும் சேத்துச் சொல்லுங்கோ. மன்னிச்சுடுவா.”

மேடை ஏறும்போது அவருக்கு ஒரு யோசனை பளிச்சிட்டது. மைக்கைப் பிடித்தார்.

“அன்பர்களே! நீங்கள் விழிப்புடன் இருக்கிறீர்களா என்று சோதிக்க, கையேட்டில் வேண்டுமென்றே ஒரு பிழை வைத்திருக்கிறேன். கண்டுபிடியுங்கள், பார்க்கலாம்!”

கைதட்டல் கூரையைத் தொட்டது. ராஜலக்ஷ்மி முன் வரிசையில் தலையில் கை வைத்துக்கொண்டாள். தேசிகன் அன்று காலையில் முதல் தடவையாக மூச்சு விட்டார்.

கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற சாந்தகுமாரி எழுந்தார். “மூணாம் பக்கம் சார். தள்ளுபடிக்கு முந்தின விலைக்கு வரின்னு போட்டிருக்கீங்க. பில்லுலயே தள்ளுபடி குடுத்தா, அது போக மிச்சத்துக்குத்தானே வரி?”

தேசிகன் திகைத்தார். அது அவர் நினைத்த பிழையே இல்லை. “சபாஷ்!” என்றார்.

“பால் பாக்கெட்டுக்கு அஞ்சு பர்சென்டா சார்?” என்றது பின் வரிசைக் குரல். “அதுக்கு வரியே கிடையாதே!”

“சபாஷ்.” இந்த முறை சத்தம் பாதிதான் வந்தது.

“சார், ஒரு பிழைன்னுதானே சொன்னீங்க?” சாந்தகுமாரி உட்காரவே இல்லை; கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கையிலிருந்த பேனாவால் சுழித்துக்கொண்டே போனார். “நான் கடைசிப் பக்கத்துலேருந்து வரேன். இதுவரைக்கும் ஏழு. முதல் பக்கத்த இன்னும் பாக்கவே இல்ல.”

கூடத்தில் இருநூறு கையேடுகள் சரசரவென்று முதல் பக்கத்துக்குத் திரும்பின.