புகை போட்ட மேகம்

எங்க மலை உச்சியில கிணறும் கிடையாது, குழாயும் கிடையாது. மேகம்தான். அது எங்க நாற்றுப் பண்ணைக்குள்ளயே நடந்து போகும். போற வழியில உயரமா வலை கட்டியிருக்கோம். மேகத்துளி இழையில மோதி, சொட்டி, தொட்டியில சேரும். கன்னுங்களுக்கும் எங்களுக்கும் அதுதான் தண்ணி.

நடுவுல சில நாள் மேகமே வரலை, தொட்டி அடி தட்டிடுச்சு. இந்தப் பருவம் கன்னு பிழைக்கலைன்னா மலையை விட்டு இறங்க வேண்டியதுதான். மேகம் திரும்ப எட்டிப் பாத்ததும் என் வீட்டுக்காரர் ஒரு வேலை பண்ணார். மேகம் கெட்டியானா தண்ணி கூடும்னு, காத்து வர்ற பக்கமா ஈரச் சருகைக் குவிச்சுப் புகை போட்டார். மேகம் பால் மாதிரி வெளுத்துடுச்சு, எதிர்ல நிக்கிற ஆள் தெரியலை.

"பாத்தியா, எவ்வளவு தண்ணி வருதுன்னு?"ன்னு நெஞ்சை நிமிர்த்தினார்.

தொட்டி என்னவோ நிறையலை. நான் விடுவேனா? "புகை பத்தலை, இதுல கூடவா கஞ்சத்தனம்?"னு தினமும் காச்சி எடுத்தேன். சருகு தீர்ந்ததும், செத்துப்போன கன்னுங்களை மண்ணோட கூடை கூடையா நானே எரிக்க அள்ளிக் கொடுத்தேன்.

நேத்து என் தங்கச்சி வந்தா. மேக ஆராய்ச்சி பண்றவ. வீட்ல அவளை மேகக்காரின்னுதான் கூப்பிடுவோம். மேகத்துளியை எண்ணுற கருவியைக் கொண்டு வந்திருந்தா. புகை போடறதுக்கு முன்னாடி அளந்தா, போட்ட பிறகும் அளந்தா. முகம் மாறிடுச்சு.

"மாமா, முதல்ல அதை அணைங்க."

"ஏம்மா?"

"ஒவ்வொரு புகைத்தூளும் தனக்கு ஒரு துளியைப் பிடிச்சுக்குது. பத்துப் பேர் சோத்தை நூறு பேருக்குப் பங்கு போட்ட மாதிரி, துளியெல்லாம் பொடிப்பொடியா ஆயிடுச்சு. பொடித்துளி காத்தோட வளைஞ்சு இழையைத் தாண்டிப் போயிடும், மோதாது. காஞ்ச காத்து பட்டா சீக்கிரம் உலர்ந்தும் போயிடும். மேகத்துல இருந்த தண்ணியே குறைஞ்சிருக்கு."

"அப்போ அந்த வெள்ளை?"ன்னேன்.

"பொடி நிறைய இருந்தா வெள்ளையாத்தான் தெரியும் அக்கா."

"உன் மெஷின் தப்பு"ன்னார் வீட்டுக்காரர். சொல்லிட்டு, குடிக்க வெச்சிருந்த தண்ணியை எடுத்துட்டுப் போய் அவரே நெருப்புல ஊத்தினார்.

காலையில எழுந்து வந்தா, மேகம் மெல்லிசா இருந்துச்சு. வலைக்கு அந்தப் பக்கத்து மரமெல்லாம் தெரிஞ்சுது. இதுல என்ன வரப்போகுதுன்னு நெனச்சேன். வலை முழுக்கச் சொட்டிக்கிட்டு இருந்துச்சு. தொட்டியில பாதிக்கு மேல தண்ணி.

வலைக்கு அடியில, எரிக்கிறதுக்காக நேத்து நான் அள்ளி வெச்ச கூடை அப்படியே இருந்துச்சு. ராத்திரியெல்லாம் அதுல தண்ணி சொட்டியிருக்கு. செத்துடுச்சுன்னு நான் அள்ளின கன்னுங்க தலை தூக்கி நின்னுச்சு. ஒண்ணு ரெண்டு இல்ல, கூடை முழுக்க.

வீட்டுக்காரர் கூடையைப் பாத்தார். திரும்பி, சாம்பல் குவியலைப் பாத்தார்.

"அப்போ அதெல்லாம்..."னு என்கிட்ட கேட்டார்.