நங்கூர சபைக் கதவு

“கதவத் தொறங்க பெரிப்பா. பெட்டிய மூடறதுக்கு முன்னாடி அப்பா மொகத்த எங்கம்மா பாக்கணும்.”

சொல்லிவிட்டு ஜூடி அந்தப் பச்சைக் கதவை உள்ளங்கையால் அறைந்தாள். ராயபுரத்துச் சந்தே பேச்சை நிறுத்தியது. நங்கூர சபை என்பது துறைமுகத்தில் வேலை பார்க்கும் ஆண்கள் மட்டும் கூடும் இடம். அந்தச் சபைக்காரன் வீட்டில் பிறந்த பெண் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், அந்தக் கதவைத் திற என்று மட்டும் கேட்கக் கூடாது. நடை பழகும்போதே அவளுக்குச் சொல்லி வைத்தது அது.

உள்ளே அவள் அப்பா செல்வநாதன் கிடந்தார். துறைமுகத்தில் கன்டெய்னர்களைக் கம்பி போட்டு இறுக்கும் வேலை அவருக்கு. முந்தின நாள் ஷிப்டு முடிந்து கேட்டைத் தாண்டியவர், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். இரவு வீட்டில் ஐஸ் பெட்டிக்குள் இருந்தார். விடிந்ததும் சபை ஆட்கள் வந்து தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். சபைக்காரன் செத்தால் அடைத்த கதவுக்குப் பின்னால் சடங்கு நடக்கும். பெட்டி ஆணி அடித்துத்தான் வெளியே வரும். மாதா கோயில் பூசைக்கும் அப்படியே, கல்லறைக்கும் அப்படியே. பெண்டாட்டி கடைசியாக முத்தம் கொடுக்க நினைத்தால் பலகைக்குக் கொடுத்துக்கொள்ளலாம்.

காலையில் அவர்கள் தூக்கும்போதே வியாகுலம்மாள் கேட்டுப் பார்த்தாள். “ஒரு கண்ணு சரியா மூடல. மூடிவுட்டுட்டு வந்துர்றேன்.” நாங்க பாத்துக்கறோம் என்று சொல்லிவிட்டு நடந்தார்கள். அதிலிருந்து அவள் அழவும் இல்லை, தண்ணீர் குடிக்கவும் இல்லை. ஒரு கண்ணு மூடல, ஒரு கண்ணு மூடல என்று ஜெபமாலை உருட்டுகிறவளைப் போல அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அவளைக் கையோடு இழுத்துக்கொண்டுதான் ஜூடி வந்திருந்தாள்.

“வேணாம் ஜூடி,” என்றாள் அம்மா பின்னாலிருந்து. “அப்பா பேரு கெட்டுரும்.”

அப்பா பேர். அந்தப் பேரின் லட்சணம் சந்துக்கே தெரியும். சபைக்காரர்கள் ஆட்டுக் கழுத்தை அறுத்துப் பச்சை ரத்தம் குடிக்கிறார்கள், செத்தவன் நாக்கை வெட்டி எடுத்து உப்பில் போடுகிறார்கள் என்று கேட்டுத்தான் அங்கே குழந்தைகள் சோறு தின்று வளர்ந்தன. ஜூடி ஏழாவது படிக்கும்போது எதிர்வீட்டுப் பூவம்மாவின் சின்னப் பையன் தீனா காணாமல் போனான். வெள்ளிக்கிழமை, சபை கூடும் நாள். மறுநாள் காலை கூட்டம் நேராகச் செல்வநாதனிடம்தான் வந்தது. ராத்திரி எங்கே இருந்தாய், உள்ளே என்ன செய்தீர்கள்? அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பூவம்மா, வியாகுலம்மாளின் கொண்டையைப் பிடித்துத் தெருக்குழாய் வரை இழுத்துக்கொண்டு போனாள். அப்போதும் அவர் வாய் திறக்கவில்லை. சாயங்காலம் பையன் எண்ணூரில் அத்தை வீட்டில் இட்லி தின்றுகொண்டிருந்தது தெரிந்தது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு சந்தில் ஒருத்தியும் தன் குழந்தையை வியாகுலம்மாள் கையில் கொடுக்கவும் இல்லை.

கதவுக்குப் பின்னாலிருந்து சபைத் தலைவர் ஞானதுரையின் குரல் வந்தது. “ஜூடி, வூட்டுக்குப் போ. காலேஜ் முடிச்ச பொண்ணு, ரோட்ல நின்னு கத்திகினு கீற. உங்கப்பனுக்குத்தான் அசிங்கம்.”

“அவருக்கு இனிமே இன்னா அசிங்கம்? எங்கம்மா ஒரு கண்ண மூடிட்டுப் போயிருவாங்க.”

“அத்த நாங்க மூடிட்டோம்.”

“மூடுனதப் பாத்துட்டுப் போறோம்.”

“பொம்பள கால் வச்சா சபை கலைஞ்சிரும்மா. புரிஞ்சிக்கோ.”

“ஒரு காலுக்கே கலையற சபைக்கு எதுக்கு பெரிப்பா இவ்ளோ பெரிய தாப்பா?”

கூட்டத்தில் யாரோ சிரித்து, சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள். ஜூடி குரலைத் தாழ்த்தினாள். “ஜெரி, நீயும் உள்ளதான கீற. அம்மா வெயில்ல நிக்கறாங்கடா.”

உள்ளே ஏதோ முணுமுணுப்பு. நாற்காலி ஒன்று சரிந்தது. தாழ்ப்பாள் விலகியது.

கதவைத் திறந்தது தம்பி ஜெரிதான். செத்தவன் இடத்துக்கு மகன் வர வேண்டும் என்பது சபை வழக்கம். அவன் வாயைச் சுற்றி நீலத் துணி ஒன்று கட்டியிருந்தார்கள். அதற்கு மேலே கண்கள் மட்டும் மிரண்டுகொண்டு நின்றன.

ஜூடி அம்மாவைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். பயப்பட ஏதாவது இருக்கிறதா என்று தேடினாள். ஒரு டியூப்லைட். சுவரில் தலையாட்டுகிற மின்விசிறி. பிளாஸ்டிக் நாற்காலிகள். டீ வாங்கிவந்த பிளாஸ்க். முக்காலியில் சிவப்பு வெல்வெட் விரித்து, துருப்பிடித்த சின்ன நங்கூரம். சாமி மாதிரி அதற்கு மாலை வேறு போட்டிருந்தார்கள். இதற்கா?

செல்வநாதன் வாயிலும் அதே நீலத் துணி. இடது கண் பாதி திறந்துதான் இருந்தது.

“இதான் நீங்க மூடுன லட்சணமா?”

ஞானதுரை தலையைத் திருப்பிக்கொண்டார். வியாகுலம்மாள் யாரையும் பார்க்காமல் பெட்டி ஓரமாக உட்கார்ந்தாள். நகத்தால் முடிச்சை நெம்பித் துணியை அவிழ்த்தாள். கண்மேல் உள்ளங்கையை வைத்து, எடுத்துப் பார்த்தாள். இமை மறுபடி ஏறிக்கொண்டது. திரும்பவும் வைத்தாள். இந்த முறை எடுக்கவில்லை.

“ஆட்டு ரத்தம் எங்க பெரிப்பா?” என்றாள் ஜூடி. “எடுத்துக் காட்டுங்க. பாத்துட்டுப் போறேன்.”

“இன்னா ரத்தம்மா, எல்லாம் சும்மா,” என்றார் கமால். அப்பாவோடு ஒரே ஷிப்டில் நின்றவர்.

“கமாலு.” ஞானதுரை அதட்டினார்.

“இரு நைனா. என் தோஸ்து பொண்ணு கேக்குது.” கமால் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். “வெள்ளிக்கெழம வருவோம். வெளக்கு ஏத்துவோம். அந்த வாரம் கன்டெய்னர் யார்டுல எவன் இன்னா திட்டுனான், எவன் கைய நீட்டுனான்னு ஒவ்வொருத்தனா சொல்லுவோம். சொல்லி அழுவோம். மத்தவனுங்க கேட்டுகினு இருப்பானுங்க. வெளிய போனா வாயத் தொறக்கக் கூடாது, அத்தொட்டுத்தான் இந்தத் துணி. வேற ஒண்ணும் கெடையாதும்மா.”

“தீனா காணாப் போன அன்னிக்கி?”

கமால் தரையைப் பார்த்தார். “அன்னிக்கி சூப்பர்வைசர் உங்கப்பன செருப்பால அடிச்சிட்டான். எல்லாரு முன்னாடியும். ராவெல்லாம் இங்கதான் குந்திகினு அழுதான்.”

மின்விசிறி ஒரு பக்கம் போய்த் திரும்பி வந்தது. வியாகுலம்மாள் கையை எடுக்காமலே குனிந்தாள். “வூட்ல அழுவ எடமில்லியா?” என்று கேட்டாள். கமாலைக் கேட்கவில்லை. படுத்திருந்தவரைக் கேட்டாள்.

ஜூடிக்குப் பரிதாபம் வரப் பார்த்தது. அவள் விடவில்லை. “அழுதுகினு இருந்தேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா எங்கம்மா தலமுடி தப்பிச்சிருக்கும். உங்கள்ல ஒருத்தராவது வந்து சொல்லியிருக்கலாம்.”

“எப்படிச் சொல்றது?” ஞானதுரைக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. “ஆம்பள அழுவுறான்னு தெரிஞ்சா இந்தத் தெருவுல எவன் மதிப்பான்? ரத்தம் குடிக்கிறவன்னு நெனச்சிகினு ஒதுங்கிப் போறானுங்கல்ல, அது எங்களுக்கு மரியாத.”

“மரியாத உங்களுக்கு. அடி எங்கம்மாக்கு.”

இத்தனை வருஷமும் சந்துக்காரர்கள்தான் முட்டாள்தனமாகச் சந்தேகப்படுகிறார்கள் என்று அவள் நினைத்திருந்தாள். இவர்கள் அந்தச் சந்தேகத்துக்குத் தீனி போட்டு வளர்த்திருக்கிறார்கள். யார்டில் கூனிக் குறுகி நின்றுவிட்டு, தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நடப்பதற்கு இவர்களிடம் இருந்தது அது ஒன்றுதான். ஒரு தாழ்ப்பாள்.

ஞானதுரை சுத்தியலை எடுத்தார். “பாத்தாச்சில்ல. மூடலாம்.”

“மூட வேணாம். கோயிலுக்குத் தொறந்தே போவட்டும்.”

“அப்போ சபை ஆளு ஒருத்தனும் தோள் கொடுக்கமாட்டான். சொல்லிட்டேன். தெருவுல எவன் உங்களச் சீண்டுவான்? யாரு தூக்குவா?”

ஜூடி ஜெரியைப் பார்த்தாள். அவன் துணியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டிருந்தான். “அம்மாகூட இரு,” என்றாள். பிறகு முக்காலியிலிருந்து நங்கூரத்தை இரண்டு கையாலும் தூக்கினாள். மாலை அறுந்து விழுந்தது. அப்படி ஒருத்தி செய்வாள் என்று நினைத்துக்கூடப் பார்த்திராததால் யாருக்கும் தடுக்கத் தோன்றவில்லை. அவள் அதைக் கொண்டுபோய்க் கதவை முழுக்கத் தள்ளி, கீழே முட்டுக் கொடுத்தாள்.

சந்து மொத்தமும் அவளைத் தாண்டி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளை. பிளாஸ்க்கை. கையைக் கண்மேல் வைத்தபடி உட்கார்ந்திருந்த வியாகுலம்மாளை. முன்வரிசையில் பூவம்மா நின்றாள்.

துரு ஒட்டிய கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டு ஜூடி அவளிடம் போனாள். “ஒங்க தீனா வூட்ல கீறானாக்கா? எங்கப்பாவத் தூக்க ஆள் வேணும்.”

பூவம்மா உள்ளே பார்த்த கண்ணை எடுக்கவில்லை. வாய் மட்டும் அசைந்தது. “தூங்கிகினு கீறான்.”

“எழுப்பிக்கறேன்,” என்று ஜூடி அவள் வீட்டைப் பார்த்து நடந்தாள். பின்னால் கடற்காற்றில் கதவு ஒரு முறை மூடப் பார்த்தது. இரும்பில் இடித்துக்கொண்டு நின்றது.