படிக்கட்டுச் சாட்சி

"உள்ள வராதே. வாசல்லயே நின்னு படிக்கட்டைப் பார்த்துத் திரும்பிக்கோ. கூப்பிடும்போது வந்தா போதும்," என்றார் போலீஸ் அதிகாரி.

தையல்காரி திரும்பி நின்றாள். மெஷினிலிருந்து அப்படியே இழுத்து வந்திருந்தார்கள். தோளில் இன்னும் அளவு நாடா தொங்கியது. முதுகுக்குப் பின்னால் கடைக்காரரின் வீட்டில் பீரோ சாய்ந்தது. கண்ணாடி நொறுங்கியது. கடைக்காரரின் மகள் அலறத் தொடங்கினாள். யாரோ வாயைப் பொத்தியதுபோல் அலறல் பாதியில் நின்றுபோனது.

நாட்டைக் காப்பாற்றப் புதிதாக ஒரு சட்டம் வந்திருந்தது. யார் வீட்டிலும் எப்போது வேண்டுமானாலும் நுழையலாம். ஆனால் அந்தத் தெருவைச் சேர்ந்த ஒருவர் சாட்சியாக இருக்க வேண்டும். சட்டத்தை எழுதியவர்களுக்கும் கொஞ்சம் வெட்கம் மிச்சம் இருந்திருக்கிறது. அந்த மிச்சத்தையும் நடைமுறை துடைத்துவிட்டது. சோதனை நடக்கும்போது சாட்சி வாசலுக்கு வெளியே படிக்கட்டைப் பார்த்து நிற்பார். எல்லாம் முடிந்ததும் உள்ளே கூப்பிடுவார்கள். கட்டில்மேல் ஏதாவது ஒரு பொருள் இருக்கும். அதை இந்த வீட்டில் எடுத்ததைக் கண்ணால் பார்த்ததாக அவர் சொல்வார். பிறகு டீ வரும்.

அவர்கள் எல்லாரும் குடியிருந்த அந்த மாடிக் கட்டடத்தில் இதுவரை எல்லாச் சோதனைக்கும் சாட்சி நின்றவர் இதே கடைக்காரர்தான். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. "நாடு நல்லா இருக்கணும்னா நாலு பேர் கஷ்டப்படத்தான் வேணும். தப்பு பண்ணாதவன் எதுக்குப் பயப்படணும்?" என்று சர்க்கரையை நிறுத்துக்கொண்டே சொல்வார். நிறுவை சுத்தமாக இருக்கும். நாக்குதான் கொஞ்சம் கூடப் போடும்.

தையல்காரியின் கணவன் துணி துவைக்கும் மெஷின் பழுதுபார்ப்பவன். அவன் பையில் ஒயரும் டைமரும் இல்லாமல் பூவும் பழமுமா இருக்கும்? அவையே போதாதென்று, அதே பையில் வெடிமருந்துப் பொட்டலமும் இருந்ததாக அதிகாரி சொன்னார். கடைக்காரர் பார்த்தேன் என்றார். கணவன் உள்ளே போய் ஒரு வருஷம் ஆகிறது. முதல் சந்திப்பில் அவனுக்கு முன்பற்கள் இல்லை. அடுத்த சந்திப்பில் இடது காது கேட்கவில்லை.

இப்போது அந்தக் கடைக்காரரின் மகளையே தேடி வந்திருக்கிறார்கள். பிடித்துச் செல்லப்பட்டவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கல்லூரி வாசலில் ஒலிபெருக்கியில் கேட்டாளாம்.

வினை விதைத்தவன் வினை அறுக்கிறான் என்று தையல்காரிக்குத் தோன்றியது. பொய் எதற்கு, அவளுக்குச் சந்தோஷமாகவே இருந்தது. வயிறு குளிர்ந்தது என்றே சொல்லலாம்.

அதிகாரி வெளியே வந்து பக்கத்தில் நின்றார். குரலைத் தணித்துக்கொண்டார்.

"உன் புருஷனோட ஜாமீன் மனு வருது. நாங்க எதிர்க்கலேன்னா வீட்டுக்கு வந்துடுவான். உள்ள வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ. அந்தாளு உன் குடும்பத்துக்குப் பண்ணினதை மறந்துட்டியா?"

"மறக்கல சார்."

"அப்புறம் என்ன?"

உள்ளே அந்தப் பெண் மறுபடி கத்தினாள். "அக்கா, அவங்க பையிலேருந்து என்னமோ எடுக்கறாங்க அக்கா." தொடர்ந்து அறை விழும் சத்தம்.

போன வருஷம் இதே சத்தம் தன் வீட்டிலிருந்து வந்திருக்கும். கடைக்காரர் இதே போல முதுகைக் காட்டி நின்றிருப்பார். காது இருந்திருக்கும் அல்லவா அவருக்கு? அந்த நினைப்பு வந்ததும் குளிர்ந்த வயிறு பற்றி எரிந்தது. கணவன் வந்து கதவைத் தட்டுவதுபோலவும் தோன்றியது. அவன் வேண்டும் அவளுக்கு. பல் இல்லாவிட்டாலும் காது கேட்காவிட்டாலும் வேண்டும். கண்ணை இறுக மூடித் திறந்தாள். பிறகு திரும்பி, அதிகாரியைத் தாண்டி உள்ளே போனாள்.

பெண் தரையில் கிடந்தாள். அவள் முடி ஒரு காவலரின் முஷ்டியில் இருந்தது. கடைக்காரர் சுவரோரம் முழங்காலிட்டிருந்தார். புருவம் கிழிந்து ரத்தம் சட்டையில் வழிந்தது. இன்னொரு காவலரின் கை அவருடைய தோள்பைக்குள் இருந்தது.

"சாட்சின்னா பார்க்கணும்ல சார். நான் இங்கயே நிக்கிறேன்," என்றாள் தையல்காரி. "அவரு பையிலேருந்து கையை எடுக்கட்டும். என்ன வருதுன்னு பார்க்கிறேன்."

பைக்குள் இருந்த கை அங்கேயே இருந்தது.

"வெளிய போ."

"போனா பார்க்க முடியாதே சார்."

அதிகாரி அவள் வலது கையைப் பிடித்துத் தையல் மெஷின் ஓட்டுகிறவள்தானே என்று கேட்டார். ஆமாம் என்றாள். கையை மேஜைமேல் வைத்து லத்தியை இறக்கினார். விரல்கள் உடைந்த சத்தம் அவளுக்கே கேட்டது. இரண்டாவது அடியில் மணிக்கட்டு திரும்பிக்கொண்டது. அவள் கத்தினாள், வாந்தி எடுத்தாள், ஆனால் முகத்தைத் திருப்பவில்லை.

"பார்த்துட்டேதான் சார் இருக்கேன்," என்றாள்.

அப்போதுதான் கடைக்காரர் எழுந்தார். தட்டுத்தடுமாறி வாசலுக்கு ஓடினார். படிக்கட்டின் நடுவில் நின்று, மூடியிருந்த கதவுகளை நோக்கி, கடையில் கூவிக் கூவி விற்ற அதே தொண்டையால் கத்தினார்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. இவ புருஷன் பையில நான் எதையும் பார்க்கல. பொட்டலத்தை இவங்கதான் கட்டில்ல வெச்சிருந்தாங்க. நான் பொய் சொன்னேன். எல்லாரு விஷயத்துலயும் பொய் சொன்னேன்."

பூட்ஸ் கால் அவர் வாயில் இறங்கியது. படியில் உருண்டவரை உருண்ட இடத்திலேயே மிதித்தார்கள். பேச்சு நின்ற பிறகும் மிதித்தார்கள். அப்பாவையும் மகளையும் வண்டியில் தூக்கிப் போட்டார்கள். சாட்சியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அதிகாரி சொன்னது எல்லாருக்கும் கேட்டது. டீ வரவில்லை.

கையில் கட்டுப் போட்டுக்கொண்டு மத்தியானம் தையல்காரி கணவனின் வக்கீலுக்குப் போன் செய்து, கடைக்காரர் கத்தியதைச் சொன்னாள்.

"இது போதும்மா, கேஸே உடைஞ்சிடும்," என்றார் வக்கீல். "ஆனா அந்தாளை இனிமே வெளியே பேச விடமாட்டாங்க. அவர் சொன்னதைக் கேட்டேன்னு யாராவது ஒருத்தர் கோர்ட்டுல சொல்லணும். நீங்க மனைவி, உங்க பேச்சு எடுபடாது. உங்க கட்டடத்துல ஒருத்தர் போதும்."

ஒருத்தர் போதும். அத்தனை கதவுகள் இருக்கின்றன. அவளுக்குத் தெம்பு வந்தது.

முதல் வீட்டு டிரைவர் டிவி ஓடிக்கொண்டிருந்தது என்றார். எதிர்வீட்டு வாத்தியார் குளித்துக்கொண்டிருந்தாராம். அவர் மனைவியும் குளித்துக்கொண்டிருந்தாளாம். அந்த வீட்டில் இருப்பது ஒரே குளியலறை. மூன்றாவது வீட்டில் கதவே திறக்கவில்லை. உள்ளே செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

மேல்மாடியில் நர்ஸம்மா கதவைத் திறந்தாள். கட்டைப் பார்த்ததும் கண் கலங்கி, உள்ளே இழுத்து உட்கார வைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். கட்டை அவிழ்த்துச் சரியாகக் கட்டினாள்.

"நீங்க கேட்டீங்களாக்கா?"

நர்ஸம்மா எழுந்து ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தாள்.

"கேட்டேன் கண்ணு. ஒவ்வொரு வார்த்தையும் கேட்டேன். மனசே ஆறல." அவள் குரல் இன்னும் இறங்கியது. "ஆனா நான் கேட்டேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதே."

தையல்காரி தண்ணீரைக் குடித்து முடித்தாள். டம்ளரை வைத்துவிட்டு வெளியே வந்து, அடுத்த வீட்டுக் கதவை இடது கையால் தட்டினாள்.