வயிற்றிலிருந்த மூன்று வினாடி

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நெவில் ஆர்மரோட் குளியலறை எடைக் கருவியில் ஏறி நின்றான். முள் அறுபத்தொன்றில் நின்றது. மார்ச்சில் எழுபது இருந்தது. ஒன்பது கிலோ! மனசு ஒரு கணம் துள்ளிவிட்டது. துள்ளியதற்காக மறுகணமே வெட்கப்பட்டான். அந்த வெட்கமும் வந்த வேகத்தில் போய்விட்டது. ஏழு மாதமாக எதுவும் அவனிடம் தங்குவதில்லை.

மார்ச்சில்தான் லினெட் செத்துப்போனாள். தபால் நிலைய வரிசையில் நின்றிருந்தவளுக்கு மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது. அன்று மாலைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இருபத்தாறு வருஷ மனைவி. நெவில் அழவில்லை. சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தான், வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தான், அடுத்த வியாழக்கிழமை சைக்கிள் கிளப்பின் பத்து மைல் நேரப் பந்தயத்துக்குப் போய் முதுகில் எண்ணோடு நின்றான். பக்கத்து வீட்டுக்காரி கல்நெஞ்சன் என்றாளாம். சொல்லிவிட்டுப் போகட்டும். கோடை முழுக்க ஒரு வியாழன்கூட அவன் தவறவிடவில்லை. வீடு திரும்பினால் அடுப்பைப் பற்றவைக்கத் தோன்றாது. இரண்டு பிஸ்கட், ஒரு வாழைப்பழம், படுக்கை.

இந்த மலையேற்றச் சைக்கிள்காரர்கள் ஒரு தனி ரகம். செப்டம்பர் வந்தால் சைக்கிளின் எடையைக் குறைக்கக் கைப்பிடியின் முனையை ரம்பத்தால் அறுப்பார்கள், இருக்கையின் தோலை உரிப்பார்கள், இரும்பில் எங்கெல்லாம் முடியுமோ அங்கெல்லாம் ஓட்டை போடுவார்கள். முப்பது கிராம் குறைந்தால் மூன்று நாள் சிரித்த முகமாகத் திரிவார்கள். கன்னம் ஒட்டிப்போனவனைப் பார்த்தால் ஊரில் மற்றவர்கள் உடம்புக்கு என்ன என்று கேட்பார்கள். இவர்களுக்குப் பொறாமையில் வயிறு எரியும்.

இன்றைய பந்தயம் ரேவன் புரோ மேட்டில். ஏற்றம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். பதினொரு வருஷமாக நெவில் அதை நாலு நிமிடத்துக்குள் ஏறிவிடப் பார்க்கிறான். இதுவரை நாலு நிமிடம் மூன்று வினாடிக்குக் கீழே இறங்கியதில்லை.

"அந்த மூணு செகண்டு எங்கயும் போகல, உன் வயித்துலதான் இருக்கு," என்பாள் லினெட். "ரெண்டாந்தட்டு உருளைக்கிழங்கு வேணாம்னு சொன்னா கேக்குறியா?"

கேட்கமாட்டான். இப்போது தட்டே இல்லை. இன்று நாலு நிமிடத்துக்குள் ஏறிவிட்டால் உள்ளே ஏதாவது ஒன்று அசையும், சந்தோஷமோ அழுகையோ எதுவானாலும் சரி என்று அவன் நம்பினான். அதற்காகத்தான் வந்திருந்தான். வேறு எதற்காகவும் இல்லை.

ஊர்க் கூடத்தில் கையெழுத்துப் போட்டு எண் வாங்கும்போதே ரோலண்ட் பிடித்துக்கொண்டான். பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கத்துக் கிளப்காரன். வருஷத்துக்கு ஒருமுறை இந்த மேட்டில் மட்டும் பார்க்கிற எதிரி.

"யோவ் நெவில், என்னய்யா இது! காத்தடிச்சா பறந்துருவ போல! எப்படிக் குறைச்ச?"

"சும்மா... சாப்பாட்டைக் குறைச்சேன்."

"பொய் சொல்லாத. நானும்தான் ஆறு வாரமா முட்டைக்கோஸ் தின்னு சாகுறேன், அரைக் கிலோகூட இறங்கல. எங்கயோ ஆள் வச்சுப் பயிற்சி எடுக்குற, சொல்லமாட்டேங்குற."

நெவில் சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான்.

அடிவாரத்தில் சைக்கிளைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு நிற்பவர் ஸ்டான்லி. நெவிலின் சொந்தக் கிளப். லினெட்டின் பெட்டிக்கு மறுபக்கத் தோள் கொடுத்தவர். ஏழு மாதமாக அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. இந்த ஊர் ஆண்கள் அப்படித்தான். செத்தவர்களைப் பற்றிப் பேசுவதற்குப் பதில் சக்கரத்தில் காற்று இருக்கிறதா என்று அமுக்கிப் பார்ப்பார்கள்.

"காலு எப்படி இருக்கு?" என்றார் ஸ்டான்லி.

"இருக்கு."

"பின்காத்துப்பா. விடாத."

நேரம் பார்க்கும் கிழவி கைக்கடிகாரத்திலிருந்து கண்ணெடுக்காமல் ஐந்திலிருந்து கீழே எண்ணினாள். போ என்றதும் ஸ்டான்லி கையை எடுத்தார்.

முதல் நிமிடம் சும்மா போனது. இரண்டாவதில் சாலை தலைக்குமேல் எழுந்தது. ஓரத்தில் நின்றவர்கள் சட்டியைத் தட்டினார்கள், மணியடித்தார்கள், தொண்டை கிழியக் கத்தினார்கள். மூன்றாவதில் வாயில் ரத்தச் சுவை. தொடை எரிந்தது, ஆனால் வேறு யாருடைய தொடையோ எரிவதுபோல. கடைசி வளைவில் நின்று மிதித்தான். கண் இருட்டியது. வெள்ளைக் கோடு சக்கரத்துக்கு அடியில் ஓடியது.

கோட்டைத் தாண்டியதும் எப்போதும்போல் இடது பக்கம் சாய்ந்தான்.

உச்சியில் ஏறி முடித்தவர்களுக்குக் காலைக் கீழே ஊன்றக்கூடத் தெம்பிருக்காது. தாங்கிப் பிடிக்கவே இரண்டு பேரைக் கிளப் நிறுத்தியிருக்கும். ஆனால் நெவிலை அவர்கள் பிடிப்பதில்லை. கற்சுவரோரம், இடது பக்கம், அவனுடைய கம்பளிக் கோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு லினெட் நிற்பாள். அவன் அவள்மேல் விழுவான். "ஆச்சா? வீட்டுக்குப் போலாமா?" என்பாள். எத்தனை நிமிடம் என்று ஒருநாளும் கேட்டதில்லை. பதினொரு வருஷப் பழக்கம், பிடிக்கிற இருவரும் இன்றும் அவனுக்கு வழிவிட்டு வலப்பக்கம் ஒதுங்கி நின்றார்கள்.

சுவரோரம் யாரும் இல்லை. சைக்கிளோடு சேர்ந்து சரிந்தான். முழங்கை கல்லில் உரசித் தோல் கிழிந்தது.

"ஐயையோ," என்று ஓடிவந்தான் ஒருவன். "மன்னிச்சுக்கப்பா, நாங்க... நாங்க நெனச்சோம்..." மற்றவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"மூணு நிமிஷம் அம்பத்தேழு!" என்று மேலேயிருந்து யாரோ கூவினார்கள். கைதட்டல் கேட்டது. ஈரப்புல்லில் கிடந்த நெவில் காத்திருந்தான். எதுவும் அசையவில்லை. குளிரில் உடம்பு நடுங்கியபோதுதான் கம்பளிக் கோட்டை மேலே கொண்டுவர ஆளில்லை என்பதும், அது காரிலேயே கிடக்கிறது என்பதும் நினைவுக்கு வந்தன. மற்றவர்களின் கோட்டுகளைத் தனியாக ஒரு வேன் ஏற்றிவந்து குவித்திருந்தது. அதில் கொடுக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளத் தேவையே வந்ததில்லை.

ஊர்க் கூடத்தில் தேநீரும் கேக்கும். ஆறு வாரம் பட்டினி கிடந்தவர்கள் மேசையைச் சூழ்ந்து மேய்ந்துகொண்டிருந்தார்கள். பலகையில் நெவிலின் பெயருக்கு எதிரே 3:57 என்று எழுதியிருந்தது. யாரோ கொடுத்த போர்வைக்குள் அவன் உட்கார்ந்திருந்தான். ரோலண்ட் தட்டு நிறைய கேக்கோடு வந்து எதிரே அமர்ந்தான்.

"பந்தயம் முடிஞ்சுபோச்சுய்யா. இப்பவாவது ரகசியத்தைச் சொல்லு. இத்தனை எடை எப்படி இறங்குச்சு?"

நெவில் அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என் பொண்டாட்டி செத்துட்டா," என்றான்.

அந்த வார்த்தையை அவன் வாயால் சொல்வது இதுவே முதல் தடவை. இதுவரை அதைச் சொன்னதெல்லாம் மற்றவர்கள்தான்.

ரோலண்ட் மெல்லுவதை நிறுத்தினான். காது சிவந்துவிட்டது. "எனக்குத் தெரியாதுப்பா," என்றான் கடைசியில். "சத்தியமாத் தெரியாது." என்ன செய்வதென்று தெரியாமல் தன் தட்டை நெவிலின் பக்கம் நகர்த்தினான்.

நெவில் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டான்.

"வயித்துலதான் இருந்துச்சு," என்றான். "அவ சொன்ன மாதிரியே. மூணு செகண்டும்."

ரோலண்டுக்கு ஒன்றும் புரியவில்லை. எதிரே இருந்தவனின் தோள்கள் குலுங்குவதைப் பார்த்து, எழுந்து மேசையைச் சுற்றி வந்து, அவனுக்கு இடது பக்கமாக உட்கார்ந்துகொண்டான்.