காலுக்குத் தெரியாத பிரேக்

2004 நவராத்திரிக்கு முன்னால் விருத்தாசலத்தில் எங்கள் பீங்கான் பொம்மைப் பட்டறையின் பழைய வேனுக்குப் புது பிரேக் பூஸ்டர் போட்டேன். டிரைவர் சாமிதுரைக்காகத்தான். பழைய பூஸ்டரில் ரப்பர் கிழிந்து வருஷக்கணக்காயிற்று. பெடல் கல்லாகக் கிடக்கும். மனிதர் சீட்டைவிட்டு எழுந்து நின்றுதான் பிரேக் பிடிப்பார். முழங்கால் வீங்கிவிட்டது. கேட்டால் "வாயுப் பிடிப்புங்க" என்பார். வேலை போய்விடுமோ என்று வீட்டில் தூங்காமல் கிடப்பதை அவர் மனைவி பாஞ்சாலை வந்து சொன்னாள்.

மெக்கானிக் திலீபன் வேலையை முடித்துவிட்டு, "இனிமே லேசா கால வச்சாலே நிக்கும்ண்ணே. நாலு நாளு வெறும் வண்டிய ஓட்டிப் பழகிக்குங்க" என்றான்.

"பூச போட்டு எலுமிச்சம்பழம் நசுக்குன வண்டி, மொத நடை வெறுமனே போவக் கூடாதும்மா" என்றார் சாமிதுரை. பிரேக் இல்லாதபோது பார்க்காத சகுனத்தையெல்லாம் பிரேக் வந்தபிறகு பார்த்தார். சரியென்று, பாண்டிச்சேரிக் கடைக்கான பீங்கான் கொலு பொம்மைகளை வைக்கோல் வைத்து ஏற்றினோம். நானும் முன்னால் ஏறிக்கொண்டேன்.

மங்கலம்பேட்டைக் கடைத்தெருவில் ஓர் ஆடு குறுக்கே வந்தது. சாமிதுரை வழக்கம்போல் எழுந்து நின்று மிதித்தார். வேன் அங்கேயே நின்றது. நான் கண்ணாடியில் முட்டிக்கொண்டேன். பின்னாலிருந்த கடவுளரெல்லாம் ஒரே சமயத்தில் முன்னால் வந்தார்கள். ஆடு எங்களைப் பார்த்துவிட்டுச் சாவகாசமாகப் போயிற்று.

பின்கதவைத் திறந்து பார்த்தோம். தசாவதாரத்தில் ஆமை மட்டும் தப்பியிருந்தது.

"லேசா வச்சாப் போதும்னு அவன் சொன்னானா இல்லியா?"

"சொன்னாருங்க. எனக்குத் தெரியுது, காலுக்குத் தெரியல."

சாவியை நீட்டினார். "வேற ஆள வச்சுக்குங்கம்மா." எனக்கு வயிறெரிந்தது, பாதி பொம்மைக்கு, பாதி அந்த மனிதருக்கு.

நான் சாவியை வாங்கவில்லை. "எதையும் எறக்காதீங்க. இனிமே ஒடையறதுக்கு என்னா இருக்குது? இப்பிடியே ஓட்டுங்க. பின்னால சத்தம் வராம நிறுத்துனாத்தான் அடுத்த லோடு."

வண்டியைத் திருப்பினார். பிரேக் பிடித்த இடத்திலெல்லாம் பின்னால் சில்லுகள் சரிந்தன. ஒவ்வொரு தடவையும் "இன்னும் மெதுவா" என்றேன். விருத்தாசலம் வந்து பட்டறை வாசலில் வேன் நின்றது. பின்னால் ஒரு சத்தமும் இல்லை.

சாமிதுரை ஸ்டியரிங்கை விடாமல் குனிந்து தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

"உக்காந்துகிட்டே நிறுத்திட்டேம்மா" என்றார்.