அரை வாட்

ஊசி அரையைத் தாண்டவில்லை.

வெல்டர் வாயைக் குவித்து, மூச்சு முட்ட, மைக்கில் விசில் அடித்துப் பார்த்தார். உள்ளே போகிற விசில் வெளியே ஐந்து வாட்டாக வரவேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. ரேடியோ சங்கத்தில் இரவல் வாங்கி வந்த வாட் மீட்டரின் ஊசியோ அரை வாட்டில் ஏறி, கோபித்துக்கொண்ட மருமகன் மாதிரி அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

"இன்னும் ஊதுங்க," என்றாள் அவர் மனைவி. "தெருவுல இருக்கிற நாய் மொத்தமும் வந்து வாசல்ல நிக்குது. ஊசி மட்டும்தான் வரல."

"வாய மூடிட்டு பேட்டரிய பாருடி."

"பாத்தாச்சு. பன்னெண்டரை வோல்ட். விசில் அடிக்கும்போதும் பன்னெண்டே கால். பேட்டரி ஒழுங்காத்தான் இருக்கு. மத்ததுதான் சரியில்ல."

மற்றது என்று அவள் சொன்னது அவரைத்தான். அவருக்கும் அது தெரியும்.

எரிந்துபோன மோட்டாருக்குள் புதிதாகச் செம்புக் கம்பி சுற்றுகிற பட்டறையில் அவளுக்குப் பத்தொன்பது வருஷம். பட்டறையில் வைண்டிங்காரி என்றால் அவள் ஒருத்திதான். அவர் இரும்புக் கேட்டும் ஜன்னல் கம்பியும் பற்றவைக்கிற வெல்டர். அட்டைப் பெட்டியில் கிட்டாக, துண்டு துண்டாக வந்த ரேடியோவை இரண்டு பேரும் சேர்ந்துதான் கட்டினார்கள். சுற்றவேண்டியதெல்லாம் அவள், ஈயம் வைக்கவேண்டியதெல்லாம் அவர். மூன்று வாரம் வேலை முடிந்து வந்து இடுப்பு ஒடிய உட்கார்ந்து, ஒரு சண்டை கிடையாது. அக்கம்பக்கத்தில் ஆச்சரியப்பட்டார்கள். சண்டை எங்கேயும் போகவில்லை, வட்டி போட்டு வளர்ந்துகொண்டிருந்தது என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது.

மணி மூன்று ஆகப்போகிறது. நாலு மணிக்கு மீட்டர்காரர் வந்துவிடுவார்.

மீட்டர்காரர் என்பது ரேடியோ சங்கத்துச் செயலாளருக்கு வாய்த்த பேர். டெலிபோன் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். சாவுக்குப் போனாலும் தோள்பையில் மீட்டரோடு போகிறவர். ஆற்றின் இந்தக் கரைக்குச் சங்கம் ஒரே ஒரு நிலையம்தான் வைக்கும். வெள்ளம் வந்து போன் செத்துப்போனால் அந்த வீட்டில் இருந்துதான் அக்கரைக்குப் பேச வேண்டும். இந்த மழைக்கு அது யார் வீடு என்பது இன்றைக்கு முடிவாகும். பெட்டி சொந்தமாகச் செய்ததாக இருந்தாலும் சரி, நாலு வாட்டாவது தரவேண்டும். தராவிட்டால் போன தடவை மாதிரியே ஜவுளிக்கடைக்காரர் வீடு.

அந்தப் பேரைக் கேட்டாலே அவளுக்கு உச்சந்தலை வரைக்கும் எரியும்.

போன மழைக்கு இந்தத் தெருவுக்குள் தண்ணீர் வந்தது. கரண்ட் போச்சு, போன் போச்சு. மூத்த மகள் அக்கரை ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆஸ்பத்திரிக் கீழ்த்தளம் மூழ்கிவிட்டது என்று யாரோ சொன்னார்கள், மேல்தளமும்தான் என்று இன்னொருத்தன் சொன்னான். மேட்டில் ஜவுளிக்கடைக்காரர் வீட்டில் விலை கொடுத்து வாங்கின எண்பது வாட் ரேடியோ இருந்தது. இவள் இடுப்பளவு தண்ணீரில் நடந்து போய் அந்தக் கேட்டைத் தட்டினாள். அவள் புருஷனே பற்றவைத்த கேட்டு. மாடியில் ஒரு ஜன்னல் திறந்தது, அவளைப் பார்த்தது, மூடிக்கொண்டது. மகள் உயிரோடு இருக்கிறாளா இல்லையா என்று தெரியாமல் மூன்று நாள். நாலாம் நாள் மகளே சேறும் சகதியுமாக வாசலில் வந்து நின்றாள். தண்ணீர் வடிந்துவிட்டது. கோபம் வடியவில்லை. அந்தக் கோபத்தில்தான் பரீட்சை எழுதி ரேடியோ லைசென்ஸ் வாங்கினாள்.

"டிரான்சிஸ்டர தொட்டுப் பாருங்க."

வெல்டர் தொட்டார். "பச்சத்தண்ணி மாதிரி இருக்கு. சுடவே இல்ல."

"உழைச்சாத்தானே சுடும். அது உழைக்கிறது வெளிய போக வழியில்ல. அங்கதான் எங்கயோ அடைப்பு."

டிரான்சிஸ்டருக்கும் ஏரியல் துளைக்கும் நடுவில் வரிசையாக மூன்று வளையம். மோதிரம் அளவுக்கு. ஒவ்வொன்றிலும் அவள் சுற்றின கம்பி. வெல்டர் அந்த மூன்றையும் ஒரு தினுசாகப் பார்த்தார்.

"பாக்காதீங்க," என்றாள். "அது என் வேலை. நாலு தடவை எண்ணினேன்."

"நான் ஒண்ணும் சொல்லலயே."

"சொல்லாமத்தான் சொல்றீங்களே. ராத்திரி குறட்டையிலகூட சொல்வீங்க."

அவள் ஒரு தீக்குச்சியை எடுத்தாள். "ஊதுங்க." அவர் ஊத ஊத, வளையங்களை ஒவ்வொன்றாக மெல்ல அழுத்தினாள். முதல் வளையத்தில் ஊசி அசையவில்லை. நடு வளையத்தில் குச்சி பட்டதும் ஊசி துள்ளி இரண்டு வாட்டுக்குப் போய், திரும்ப விழுந்தது.

வெல்டர் விசிலை விட்டுவிட்டார். "பாத்தியா? உன் சுருள் ஆடுது."

"சுருள் ஆடல. உங்க ஈயத்துக்குள்ள கம்பியோட கால் ஆடுது."

"என் ஈயமா? இங்க பாரு, முகம் பாக்கலாம், அப்படி மின்னுது. இருபத்தஞ்சு வருஷமா நான் பத்தவச்ச கேட்டு ஒண்ணு பிரிஞ்சு பாத்திருக்கியா?"

"பிரியவே இல்லையே. அதனாலதான் நான் அன்னைக்கு வெளிய நின்னேன்."

அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. எழுந்து போய்ப் பானையில் தண்ணீர் மொண்டு குடித்தார். குடித்துவிட்டு டம்ளரை வைத்த சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

அந்த நேரம் பார்த்து மீட்டர்காரர் உள்ளே வந்தார். மணி மூன்று பத்துதான்.

"வழியில ஜவுளிக்கடைக்குப் போனேன், சீக்கிரம் முடிஞ்சிருச்சு," என்று அவரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அரை வாட் ஊசியை எட்டிப் பார்த்தார். "அடடா. இது அடுப்பு ஊதக்கூட ஆகாதேம்மா. நான் அப்பவே சொன்னேன், ரேடியோங்கிறது மோட்டார் இல்லன்னு."

"நாலு மணிக்கு வர்றேன்னு சொன்னீங்க சார்," என்றாள்.

"நாலு மணி வரைக்கும் இருக்கேன். அப்புறம் அவர் பேரை எழுதிட்டுக் கிளம்பிடுவேன். எதுக்கும்மா வீண் சிரமம்? அவர்கிட்ட எண்பது வாட் இருக்கு."

அவள் பல்லைக் கடித்தாள். இப்போது வாயைத் திறந்தால் வேலை கெடும். மல்டிமீட்டரை எடுத்து நடு வளையத்தின் ஒரு காலில் இருந்து மறுகாலுக்கு, ஈயத்தின் மேலேயே அதன் இரண்டு முனையையும் வைத்தாள். ஒரு முழம் கம்பிதான், நடுவில் தடை இல்லாவிட்டால் பூஜ்யம் காட்டவேண்டும். முப்பது, நூற்றுப்பத்து, இணைப்பே இல்லை, மறுபடி எழுபது என்று எண் ஓடியது. மூன்றாவது வளையமும் அப்படியே. முதல் வளையம் மட்டும் பூஜ்யம்.

"ஈயம் வைக்கிற அயர்ன சூடு பண்ணுங்க."

நடு வளையத்தின் காலைச் சூடுகாட்டி உருவினாள். வந்த காலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். செம்பு தெரியவில்லை. கம்பிமேல் பூசின எனாமல் தோல் தேன் நிறத்தில் அப்படியே, ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. ஈயம் அதைச் சுற்றி வளைத்து உட்கார்ந்திருந்ததே ஒழிய ஒட்டவே இல்லை. வெட்டின நுனியில் ஊசிமுனை அளவு செம்பு. மொத்த ரேடியோவும் அந்த முனை வழியாகத்தான் மூச்சு விட்டிருக்கிறது.

அவளுக்கு ஆத்திரம் தலைக்கு ஏறிவிட்டது.

"யோவ், சுரண்டாமலா ஈயம் வச்ச? தோலோடயா? எங்க பட்டறையில நேத்து சேர்ந்தவன்கூட இந்த வேலைய செய்யமாட்டான்யா. முதல் நாள் பாடமே சுரண்டுறதுதான்."

அயலாள் முன்னால் 'யோவ்' கேட்ட வெல்டரின் முகம் கறுத்தது. அவர் கத்தவில்லை. கிட்டோடு வந்த புத்தகத்தை எடுத்து, பக்கத்தைப் புரட்டி, அவள் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"படி. சத்தமா படி. சாரும் கேக்கட்டும்."

அவள் படித்தாள். 'இத்துடன் உள்ள கம்பியைச் சுரண்ட வேண்டாம். ஈயம் வைக்கும் சூட்டிலேயே தோல் எரிந்து அகன்றுவிடும்.'

இத்துடன் உள்ள கம்பி. அவள் குரல் அந்த இடத்தில் தேய்ந்தது.

கிட்டில் வந்த கம்பியை முதல் நாளே நகத்தால் கீறிப் பார்த்திருந்தாள். நகம் பட்டதும் தோல் உரிந்தது. சீ, இதெல்லாம் ஒரு கம்பியா என்று, அதில் ஒரே ஒரு வளையம் சுற்றிவிட்டு, மீதியைக் குப்பையில் போட்டாள். அடுத்த நாள் பட்டறையில் இருந்து ஃபேன் மோட்டார்க் கம்பியில் மீந்த துண்டு கொண்டுவந்தாள். அதே கனம். மோட்டார் புகைந்து நாறினாலும் தோல் மட்டும் எரியாத கம்பி. மற்ற இரண்டு வளையமும் அதில் சுற்றினது. வீட்டுக்குச் செய்கிறோம், நல்லதாகப் போடுவோமே என்றுதான்.

"கம்பிய நான் மாத்தினேன்," என்றாள்.

"என்னது?"

"பட்டறைக் கம்பி. ரெண்டு வளையத்துக்கு."

"எங்கிட்ட சொன்னியா?"

"சொல்ல என்ன இருக்கு? மட்டமானதையா போட்டேன்? உசந்ததைத்தானே போட்டேன்."

"உசந்தது." வெல்டர் அந்தச் சொல்லை மென்று துப்பினார். "மூணு வாரம். பக்கத்துல பக்கத்துல உக்காந்திருக்கோம். வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த? நான் புத்தகத்த நம்பி வைக்கிறேன். நீ உன் கைத்திமிர நம்பி சுத்துற. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், இங்க ஆடத் தெரிஞ்சவளே கூடத்த இடிச்சு வச்சிருக்கா."

மீட்டர்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நல்ல ஜோடி," என்று தொடையைத் தட்டினார். "சங்கத்துல சொன்னா ஒரு வாரம் சிரிப்பாங்க. ஏம்மா, இதுக்குத்தான் சொல்றது. பெரிய வீட்டுல ரேடியோ இருந்தா ஒரு கௌரவம், ஒரு ஒழுங்கு."

அவள் திரும்பினாள். புருஷன்மேல் இருந்த கோபமும் தன்மேல் இருந்த கோபமும் ஒன்றாகச் சேர்ந்து போக ஒரு வழி கிடைத்துவிட்டது.

"சார், போன மழைக்கு அந்தப் பெரிய வீட்டு எண்பது வாட்டு யாருக்குப் பேசிச்சு? நான் இடுப்புத் தண்ணியில நின்னு கேட்டைத் தட்டினேன். ஜன்னலச் சாத்தினார் உங்க கௌரவம். அங்க எண்பது வாட்டு இருந்தா எனக்கென்ன, எட்டாயிரம் வாட்டு இருந்தா எனக்கென்ன? மூடின கதவுக்கு உள்ள இருக்கிறது எல்லாம் ஒரே வாட்டுதான்."

மீட்டர்காரர் சிரிப்பை நிறுத்தினார். "எனக்கு யாரும் இதச் சொல்லலயே."

"நீங்க கேட்டீங்களா? மீட்டர வச்சுப் பாத்தீங்க, ஊசி ஆடிச்சு, கையெழுத்துப் போட்டீங்க."

அதற்குமேல் அவள் அவரைப் பார்க்கவில்லை. மணி மூன்றரை. மற்ற மூன்று காலையும் உருவிவிட்டு, பிளேடை எடுத்து, கம்பியை விரல்மேல் கிடத்தி, உருட்டி உருட்டிச் சுரண்டினாள். அழுத்தினால் கம்பி அறுந்துவிடும், விட்டால் தோல் நின்றுவிடும். அவள் கைக்கு அது மூச்சு விடுகிற மாதிரி. இரண்டு வளையம், நாலு கால். செம்பு பளிச்சென்று வந்ததும் ஒவ்வொன்றாக நீட்டினாள். வெல்டர் வாங்கித் துளையில் நுழைத்து ஈயம் வைத்தார். இரண்டு பேரும் முகம் பார்க்கவில்லை. கை மட்டும் கைக்குக் கொடுத்தது.

மணி நாலுக்கு ஆறு நிமிஷம். நடு வளையம் பூஜ்யம். மூன்றாவதும் பூஜ்யம்.

மீட்டர்காரர் தன் மீட்டரை மாட்டினார். வெல்டர் உதட்டை நனைத்துக்கொண்டு ஊதினார். ஊசி எழுந்து, நாலைத் தாண்டி, நாலரையில் போய் நின்றது. மீட்டர்காரர் கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்தார். மறுபடி ஊதச் சொன்னார். நாலரை.

"பேட்டரி இறங்கினா குறையும்," என்றார்.

"இறங்கட்டும். எங்க கதவு திறந்திருக்கும்."

அவர் தாளை எடுத்தார். ஜவுளிக்கடைக்காரர் பேர் ஏற்கெனவே எழுதியிருந்தது. அதை அடித்துவிட்டு, பேனாவை வெல்டர் பக்கம் நீட்டினார். வெல்டர் கையைக் கட்டிக்கொண்டார். "லைசென்ஸ் அவளோடது. திமிரும் அவளோடது. அவகிட்ட குடுங்க." அவள் வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

பிறகு ஏரியலை மாட்டி அக்கரையைக் கூப்பிட்டாள். அந்தப் பக்கத்து நிலையத்தில் இருப்பவர் ஆம்புலன்ஸ் டிரைவர். இரண்டாவது அழைப்பிலேயே வந்தார். "தெளிவா கேக்குது. யாருங்க புதுசா? ஏதாவது அவசரமா?"

"அவசரம் இல்ல," என்றாள். குரலில் காரம் இன்னும் இறங்கவில்லை. "இந்தக் கரையில இனிமே நான்தான். தினமும் காலையில ஆறு மணிக்குக் கூப்பிடுவேன். தூங்கிடாதீங்க."

மீட்டர்காரர் கிளம்பிப் போனார். வெல்டர் பெட்டியின் மூடியை எடுத்து நாலு திருகாணியையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"மூடாதீங்க. முதல் வளையத்தையும் கழட்டிச் சுரண்டி வைக்கணும்."

"அது பூஜ்யம்தானே காட்டுது. ஓடுதுல்ல?"

"இன்னைக்கு ஓடுற மோட்டார்தான் நாளைக்கு எரிஞ்சு என் மேஜைக்கு வருது."

"அது கிட்டுக் கம்பிடி. சுரண்டவேண்டாம்னு புத்தகத்துலயே..."

அவள் நிமிர்ந்து பார்த்த பார்வையில் புத்தகம் பாதியில் நின்றது. திருகாணிகளை மேஜையில் கொட்டிவிட்டு, வாய்க்குள் முணுமுணுத்தபடி அவர் அயர்னை மறுபடி சூட்டில் போட்டார்.